மூன்று கைப்பட்டைகள், ஒரு பச்சை விளக்கு

மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்தில் நிலைய எழுத்தர் முன்னிலையில், வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: அடையாள அட்டையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. வீட்டிலும் அலுவலகத்திலும் அழைப்பது சின்னவள் என்று. வயது: முப்பத்தெட்டு. தொழில்: மேற்படி மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. முகவரி: மருத்துவமனைக்குப் பின்தெரு, மருந்துக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். லிஃப்ட் இல்லை என்பதை எழுத வேண்டாம் என்று எழுத்தர் சொன்னார். சம்மன் கொண்டுவருகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நான் மேற்படி மருத்துவமனையில் பதினொரு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். இங்கே பிரசவ வார்டின் மென்பொருள் ஒரு விதமாகப் பேசும், பிறப்புப் பதிவு அலுவலகத்தின் மென்பொருள் வேறு விதமாகப் பேசும், வெளிவாசலில் உள்ள கைப்பட்டை இயந்திரம் இன்னொரு விதமாகப் பேசும். வார்டிலிருந்து வரும் செய்தியைப் பிரித்து, மற்ற இரண்டுக்கும் புரியும்படி மாற்றி அனுப்புவது என் பொறுப்பு. செய்தி என்பது பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும். எந்தப் பெட்டியைத் திறந்து எதை எடுக்க வேண்டும் என்று வழி சொல்லும் வரிக்கு எக்ஸ்பாத் என்று பெயர். பிரசவச் செய்திக்கான வரியை எழுதியது நான். வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை பதினொன்று இருபதுக்கு வெளிவாசல் காவலாளி என் மேஜைத் தொலைபேசிக்கு அழைத்து, கைப்பட்டை இயந்திரம் கத்திக்கொண்டே இருக்கிறது, கதவு பூட்டிக்கொண்டது, போலீஸும் வந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னார். மேற்படி இயந்திரம் இந்தத் திங்கட்கிழமைதான் பொருத்தப்பட்டது. வெளியே போகும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கட்டியிருக்கும் எண் போட்ட பட்டையை அதில் காட்ட வேண்டும். கணக்கில் உள்ள குழந்தை என்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். இல்லாவிட்டால் சிவப்பு எரிந்து கதவு பூட்டிக்கொள்ளும். அதற்கு முன்பெல்லாம் காவலாளி சீட்டைப் பார்த்துவிட்டு எல்லோரையும் சிரித்து அனுப்பிவைப்பார்.

அதன் பிறகு நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். வாசலில் சீருடையோடு ஒரு பேருந்து ஓட்டுநர் நின்றார். அவர் கையில் ஒரு குழந்தை, அவருடைய கொழுந்தியாள் கையில் ஒரு குழந்தை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியில் ஒரு குழந்தை. மூன்றும் திங்கட்கிழமை காலை பிறந்தவை. மனைவியின் மடியில் இருந்த குழந்தைக்குப் பச்சை எரிந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் சிவப்பு. அந்த இரண்டு குழந்தைகளும் மருத்துவமனைக் கணக்கில் இல்லை என்று திரை சொன்னது. யாரோ பெற்ற குழந்தைகளைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று காவலாளி நினைத்ததில் தவறே இல்லை. அதற்காகத்தான் அந்த இயந்திரத்தை வாங்கினார்கள்.

உதவி ஆய்வாளர் அவர்கள் நிதானமாகவே விசாரித்தார். வார்டுச் செவிலியர் கேஸ் ஷீட்டோடு கீழே வந்து, மூன்று குழந்தைகளையும் தன் கையால் துடைத்துப் போர்த்தியதாகச் சொன்னார். பிரசவம் பார்த்த மருத்துவர் அறுவைச் சிகிச்சையில் இருந்தார், வர முடியவில்லை. உதவி ஆய்வாளர் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். அங்கேயும் அந்தத் தாய்க்கு ஒரே குழந்தை என்றுதான் இருந்தது. இரண்டு கணினிகள் ஒரே மாதிரி சொல்ல, ஒரு செவிலியர் மட்டும் வேறு மாதிரி சொன்னதால், செவிலியரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். இரண்டு கணினிக்கும் தண்ணீர் ஒரே குழாயிலிருந்து போகிறது, அந்தக் குழாய் நான் வைத்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? செவிலியர் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவர் கண் கலங்கி நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது குழந்தைகளின் தாய் உதவி ஆய்வாளரைப் பார்த்துச் சொன்னது: “மூணு பேரையும் நான்தான் சார் பெத்தேன். உங்க மெஷினா பெத்துச்சு?”

காவலாளி தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை வார்டிலிருந்து வந்த மூலச் செய்தியைத் திறந்தேன். வந்த செய்திகள் எல்லாம் நேர முத்திரையோடு ஒரு கிடங்கில் இருக்கும். படிக்கலாம், மாற்ற முடியாது, என்னாலும் முடியாது. அதில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். ஒன்பது மணி இரண்டு நிமிடம், ஒன்பது மூன்று, ஒன்பது ஐந்து. மூன்று கைப்பட்டை எண்கள். செய்தி சரியாக வந்திருக்கிறது, போகும்போதுதான் இரண்டு பேர் வழியில் நின்றுவிட்டார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் இந்த வரியை எழுதியபோது, வார்டு மென்பொருள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து அனுப்பும். செவிலியர்கள் அவசரத்தில் சேமி என்ற பொத்தானை இரண்டு தடவை அமுக்கிவிட்டால், ஒரே குழந்தை தன் பெட்டிக்குள் இரண்டு முறை இருக்கும். அதனால் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் [1] என்று போட்டேன். எந்தப் பெட்டியாக இருந்தாலும் அதற்குள் முதலில் இருக்கும் குழந்தையை எடு என்று அதற்கு அர்த்தம். பெட்டிக்கு ஒரு குழந்தை இருந்தவரை அது பொன்னாக வேலை செய்தது. நாற்பத்தொரு நாளுக்கு முன் வார்டில் புதிய பதிப்பு போட்டார்கள். அதில் ஒரு தாயின் குழந்தைகள் எல்லாம் ஒரே பெட்டியில். என் வரியோ, அதே பழைய வேகத்தில், பெட்டிக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதை உறுதி செய்ய என் பழைய சோதனைச் செய்தியை எடுத்தேன். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், என்னைவிட ஒன்பது நிமிடம் மூத்தவள். நாங்கள் இரட்டையர், அதனால்தான் நான் சின்னவள். இரண்டு வருடத்துக்கு முன் இந்த வரியைச் சோதித்தபோது எங்கள் இரண்டு பேர் பிறப்பையே செய்தியாக எழுதி அனுப்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். இன்று வாசலில் உட்கார்ந்து அதே செய்தியைப் புதிய வடிவத்தில் அனுப்பினேன். அக்கா போய்ச் சேர்ந்தாள். நான் வரவில்லை. என் கையால் எழுதிய வரி என்னையே பிறக்கவிடவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் மேலாளர் வந்து என் காதருகே குனிந்து, புதிய பதிப்பு போட்ட கம்பெனியின் தவறு என்று சொல்லிவிடு, நமக்கு ஏன் வம்பு என்றார். அவர் நல்லவர், பயந்த சுபாவம். பதிப்பு மாறப்போகிறது என்ற கடிதம் என் மேஜைக்கு வந்தது, படித்தேன், என் வரியைத் திரும்பச் சோதிக்கவில்லை. எனவே நான் எழுந்து நின்று உதவி ஆய்வாளரிடம், “தப்பு என்னோடது சார். நர்ஸம்மா சொல்றது சத்தியம். அவங்கள முதல்ல உக்கார வைங்க” என்று சொன்னேன். செவிலியருக்கு நாற்காலி போட்டார்கள்.

உதவி ஆய்வாளர், வாயால் சொன்னால் போதாது, இயந்திரமும் மூன்று என்று சொல்லட்டும், அப்போதுதான் நான் புகாரை முடிக்க முடியும் என்றார். நியாயம்தான். ஓடிக்கொண்டிருக்கும் வரியை மாற்ற மேலாளர் கையெழுத்து வேண்டும். கையோடு அனுமதிப் பாரம் இல்லாததால் பார்வையாளர் சீட்டின் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கினேன். சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

அதன் பிறகு நான் ஒரு அவசரக்குடுக்கை வேலை செய்தேன், அதையும் மறைக்கவில்லை. [1] என்பதை அழித்துவிட்டுச் சோதனைத் திரையில் ஓட்டினேன். எல்லோரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் நான்கு குழந்தைகள் வந்தார்கள்.

உதவி ஆய்வாளர் கேட்டது: “நாலாவது எங்கம்மா?”

ஓட்டுநர் தன் குழந்தையின் போர்வைக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவருடைய மனைவி சிரிக்க ஆரம்பித்து, தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். முதல் குழந்தையைச் சேமி என்று இரண்டு தடவை அமுக்கியிருக்கிறார்கள், மூலச் செய்தியில் ஒரே எண் இரண்டு முறை இருந்ததை நான் கவனிக்கவில்லை என்று விளக்கினேன். இருபது வருடத்தில் அப்படி அமுக்கினதே இல்லை என்று செவிலியர் மறுத்தார். பிறகு, திங்கட்கிழமை அடுத்த பாப்பா வரும் அவசரத்தில் கை பட்டிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். நான்காவது குழந்தையைப் பற்றிய சந்தேகம் அவ்வளவில் தீர்ந்தது.

இந்தத் தடவை நிதானமாக எழுதினேன். எத்தனையாவது என்று எண்ணினால்தானே வம்பு, ஆள் யார் என்று பார்த்தால் போதும். எக்ஸ்பாத்தில் ஒரே பெட்டிக்குள் முன்னால் இருப்பவற்றை முந்திய உடன்பிறப்பு என்ற பெயராலேயே குறிப்பார்கள். தன் கைப்பட்டை எண் முந்திய உடன்பிறப்புகள் யாருக்கும் இல்லாத ஒவ்வொரு குழந்தையையும் எடு என்று எழுதினேன். நான் வாய்விட்டுப் படித்தபோது காவலாளி, இது கம்ப்யூட்டரா குடும்ப விவகாரமா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். அதை முதலில் என் சோதனைச் செய்தியில் ஓட்டினேன். அக்காவும் வந்தாள், நானும் வந்தேன். அதன் பிறகு திங்கட்கிழமைச் செய்தியில் ஓட்டினேன். மூன்று.

பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு மூலச் செய்தியைத் திரும்ப அனுப்பினேன். கொழுந்தியாள் தன் கையில் இருந்த குழந்தையின் கைப்பட்டையைக் காட்டினார். பச்சை. ஓட்டுநர் இரண்டு கையாலும் குழந்தையை ஏந்தியிருந்ததால் காவலாளியே குழந்தையின் கையை மெதுவாகப் பிடித்து மூன்றாவது பட்டையைக் காட்டினார். பச்சை எரிந்தது, கதவு திறந்தது, வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மூன்று குழந்தைகளும் ஒன்றாக அழுதன. அவ்வளவு சந்தோஷமான அழுகையை நான் கேட்டதில்லை. நானும் அழுதேன் என்று எழுத்தர் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதன் பிறகு இந்த நாற்பத்தொரு நாளில் வந்த எல்லாப் பிரசவச் செய்திகளையும் புதிய வரி வழியாகத் திரும்ப அனுப்பினேன். அதில் ஏழு இரட்டைப் பிரசவங்கள் இருந்தன. ஏழு வீடுகளில் இரண்டாவது பிள்ளை தொட்டிலில் கிடக்க, எந்தப் பதிவிலும் இல்லாமல் இருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பதிவு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

“மேடம், திடீர்னு ஏழு குழந்தை வந்து நிக்குது. ஏதாவது கோளாறா?”

“இல்ல சார். கோளாறு இப்பதான் போச்சு. ஏழு பேரையும் உள்ள விடுங்க.”

என் அக்காவுக்கும் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாற்பது நாள் நான் ஒரே பொண்ணா இருந்திருக்கேன், யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றாள். வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கதவு திறந்தும் அவர்கள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. காவலாளி கொடுத்த புகார் எழுத்தில் இருப்பதால், என் வாக்குமூலம் முடிந்த பிறகுதான் குழந்தைகளை முறைப்படி ஒப்படைக்க முடியும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அவர்கள் பக்கத்து அறையில் காத்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஓட்டுநர் மீதோ, அவர் குடும்பத்தார் மீதோ, செவிலியர் மீதோ, காவலாளி மீதோ எந்தக் குற்றமும் இல்லை. என் மீது இலாகா நடவடிக்கை எடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன். வரியை மட்டும் யாரும் பழையபடி மாற்ற வேண்டாம்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, மனதறிய உண்மை.

(ஒப்பம்) சின்னவள்

பின்குறிப்பு, நிலைய எழுத்தர் எழுதியது: மேற்படி வாக்குமூலம் பெற்றபின், பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் குழந்தைகள் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைப்புப் பாரத்தில் கைப்பட்டை எண் எழுத ஒரே ஒரு கட்டம்தான் அச்சாகியிருந்தது. வாக்குமூலம் கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவுகோல் வைத்து மேலும் இரண்டு கட்டங்கள் என் கையால் வரைந்து, மூன்றையும் நிரப்பி, தந்தையிடம் கையெழுத்து பெற்றேன்.