கோர்வுக்கு இந்தப் பக்கம்

லதீனா: ஒட்டுதா?

உர்சினா: ம்ஹூம். உனக்கு?

லதீனா: முன்னாடி புடிக்குது. நடுவுல செத்த பாம்பு மாதிரி தொங்குது.

உர்சினா: பனியைச் சுரண்டிட்டு ஒட்டிப் பாரேன்டி.

லதீனா: சுரண்டாமயா இருக்கேன்? விரல் மரத்துப் போச்சு. சே! அல்பா உச்சியிலேருந்து இந்தக் கணவாய் வரைக்கும் எப்படிச் சறுக்கிட்டு வந்தோம்... இன்னும் கோர்வ் சிகரம் ஒண்ணுதான் பாக்கி. ஸ்கீக்கு அடியில இந்தத் தோல்பட்டை ஒட்டாம எப்படி மேல ஏறுறது? வழுக்கிட்டு வீட்டுக்குத்தான் போகணும்.

உர்சினா: இறங்கும்போது எங்க வச்சிருந்தே?

லதீனா: எங்க வைப்பாங்க? சட்டைக்குள்ள, நெஞ்சோட.

உர்சினா: அப்புறம் எப்படிப் பசையில பனி ஏறுச்சு?

லதீனா: பழைய பட்டை. ஓட்டல் விருந்தாளி வேணாம்னு வீசிட்டுப் போனது. அவன் வீசினதைத்தானே நம்ம வீட்டுல போட்டுக்குவோம்?

உர்சினா: போன மாசம்தானே புதுசா பசை தடவிக் கொடுத்தேன்...

லதீனா: நீ தடவின லட்சணம் அது.

உர்சினா: ஏய்!

லதீனா: பின்ன? மலையேத்துற கைடு ஆகப் போறவ தடவின பசை ஒரு மலைக்கு மேல தாங்கலன்னா நான் யாரைத் திட்டுறது?

உர்சினா: கைடு... முதல்ல பரீட்சை எழுதுறேன், பார்க்கலாம்.

லதீனா: பார்க்கலாம்னா? அடுத்த வாரம் எழுதுற. பாஸ் பண்ற. நம்ம பள்ளத்தாக்குல ஒரு ஸ்கீ லிஃப்ட் ஓட்டுறவன் மகள் கைடா நிக்கிறதை எல்லாரும் பார்க்கத்தான் போறாங்க.

உர்சினா: ரொட்டிக்கடை அன்னெதா என்ன சொன்னா தெரியுமா? நான் கடைக்கு வெளிய நிக்கிறது தெரியாம... "பனிச்சரிவுல புதைஞ்சு எழுந்தவ இனிமே மலையைக் கீழேருந்துதான் பார்ப்பா"ன்னு.

லதீனா: அவளுக்கென்ன, மாவுலயே புதைஞ்சு கிடக்கிறவ.

உர்சினா: சிரிக்காதே. தேர்வுக் கமிட்டியில அவ புருஷன் இருக்கான்.

லதீனா: அதுக்குத்தானே இன்னிக்கு வந்தோம்? ஒரே நாள்ல ரெண்டு சிகரம். நீயும் நானும். சாயங்காலம் ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும்னுதானே...

உர்சினா: ம். நல்ல பனிதான் இல்ல, அந்தக் கோர்வ் சரிவுல?

லதீனா: கல்லு மாதிரி இருக்கு. நேத்து ஏறினவங்க தடம்கூட அப்படியே தெரியுது.

உர்சினா: ஆமா... ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

லதீனா: அக்கா, கொஞ்சம் டீ குடி. பாதியைக் கீழ ஊத்திட்டே பாரு.

உர்சினா: குளிரு.

லதீனா: குளிருதான்.

உர்சினா: அந்தக் கொட்டைக் கேக்கை எடு. அப்பா வெட்டி வச்சாரே.

லதீனா: வெட்டினாரா? ரம்பம் வச்சு அறுத்திருப்பாரு. இந்தா. பல்லை உடைச்சுக்காதே.

உர்சினா: வீட்டு வாசனை வருதுடி இதுல.

லதீனா: என்ன வாசனை? நம்ம வீட்டுக்கு ஒரே வாசனைதான். அடுப்புக்கு மேல கயிறு கட்டி அப்பா ஈரப்பட்டையைக் காயப் போடுவாரு. கீழ அம்மா பார்லி கஞ்சி கிண்டுவா. கஞ்சியில பசை நாத்தம், பட்டையில கஞ்சி வாசனை.

உர்சினா: உன் கிண்ணத்துல ஒரு தடவை முடி கிடந்துச்சே, ஆட்டு முடி... தோல்பட்டையிலேருந்து விழுந்தது...

லதீனா: "அல்பா ஏறின முடி, சாப்பிடு, பலம்"னாரு! நான் நம்பித் தின்னுட்டேன்.

உர்சினா: நீதான் எதைச் சொன்னாலும் நம்புவியே. இப்போ சட்டம் படிச்சு எதையும் நம்பாத ஆளா ஆயிட்டே.

லதீனா: நம்பித் தின்னதுக்குத்தான் படிச்சேன். அம்மா வெளுக்க எடுத்துட்டு வர்ற ஓட்டல் சலவைப் பை ஞாபகம் இருக்கா?

உர்சினா: அய்யோ! அந்தப் பெரிய பையில ரெண்டு பேரும் உக்காந்து, பின்பக்கச் சரிவுல...

லதீனா: அம்மா கரண்டியோட துரத்திட்டு வருவா. "பிசாசுங்களா, அது சீமாட்டி படுக்கிற விரிப்புடி"ன்னு!

உர்சினா: பிசாசுங்கன்னா சொன்னா? அதைவிட மோசமால்ல ஏதோ...

லதீனா: இருக்கும். எனக்கு ஞாபகத்துல கோவம் மட்டும்தான் நிக்குது, வார்த்தை நிக்கல.

உர்சினா: மார்ச் முதல் தேதி மணி ஊர்வலத்தன்னிக்கு நீ அழுதே பாரு...

லதீனா: அழல. கத்தினேன். பையனுங்க மணி ஆட்டிக்கிட்டுக் குளிர்காலத்தை விரட்டுவானுங்களாம், பொண்ணுங்க வீட்டுல உக்காந்து காகிதப் பூ செய்யணுமாம். அன்னிக்குப் பெரிய பசுவோட மணியைக் கழட்டி என் கழுத்துல மாட்டினது நீ.

உர்சினா: நடக்கக்கூட முடியல உன்னால. மணிதான் உன்னை இழுத்துட்டுப் போச்சு.

லதீனா: ஆனா சத்தம் வந்துச்சுல்ல? ...அன்னிக்கு உனக்கு எதைக் கண்டும் பயமே இல்ல அக்கா.

உர்சினா: அன்னிக்கு, ஆமா.

லதீனா: நான் சும்மா சொன்னேன்.

உர்சினா: அப்பாதான் பாவம். ஜன்னல்லேருந்து ரெண்டு சிகரத்தையும் காட்டுவாரு. "அடுத்த வருஷம் ஒரே நாள்ல ரெண்டையும் ஏறிருவேன்"னு.

லதீனா: எங்க ஏறினாரு? லிஃப்ட் ஓடுற நாள்ல லீவு இல்ல. லீவு இருக்கிற நாள்ல பனி இல்ல. ஓட்டல்காரன் மகன் போன வருஷம் ஏறினான், கைடு முன்னால கயிறு போட்டு இழுக்க இழுக்க. அதுக்குப் பேப்பர்ல படம்! அந்த மூஞ்சிக்கு!

உர்சினா: நீயாவது ஏறியிருக்கலாம்டி. என்னோடது ஒட்டலன்னா நான் இங்கயே உக்காந்திருப்பேன், நீ போய் அப்பாவுக்காக ஒரு எட்டு... உன்னோடதும் ஒட்டாம போகும்னு நான் நினைக்கவே இல்ல.

லதீனா: தனியாவா? எனக்கென்ன தலையெழுத்தா? போனு அடிக்குது. அப்பா. எடுக்க வேணாம்.

உர்சினா: எடுக்காம? ஸ்பீக்கர்ல போடு.

அப்பா: என்னடி பொண்ணுங்களா! மலையேறப் போனீங்களா, கேக் திங்கப் போனீங்களா?

உர்சினா: கேக் திங்கிறது எப்படிப்பா உங்களுக்கு...

அப்பா: வேட்டைக்கு எடுத்துட்டுப் போற தூரக்கண்ணாடியைச் சமையலறை ஜன்னல்ல நிறுத்தியிருக்கேன். விடிஞ்சதுலேருந்து கண்ணை எடுக்கல. ஏன் நிக்கிறீங்க?

லதீனா: பட்டை ஒட்டலப்பா. ரெண்டு ஜோடியும். பசை போயிடுச்சு.

அப்பா: போயிடுச்சா.

லதீனா: ஆமாப்பா. போயே போச்சு.

அப்பா: சின்னவளே, எதிர்மலையில நிக்கிற ஆடு எந்தக் காலை நொண்டுதுன்னு இங்கேருந்தே சொல்றவன் நான்.

உர்சினா: அப்பா...

அப்பா: சிவப்புச் சட்டை பாறைக்குப் பின்னால போச்சு, எனக்கு அது முன்பக்கம். பட்டையோட பசைப் பக்கத்தைக் கவுத்துப் போட்டு, ரொட்டி மாவு பிசையற மாதிரி பனியில வச்சு அமுக்குச்சு. அது நீதானே பெரியவளே? திட்டலம்மா. புதைஞ்சு கிடந்தவளுக்குப் பயம் வராம, பார்த்துக்கிட்டு நின்னவனுக்கா வரும்?

உர்சினா: லதீ... நான் சொல்லணும்னுதான் இருந்தேன்...

லதீனா: விடுக்கா. அப்பா, சிக்னல் சரியில்ல, நான் அப்புறம்...

அப்பா: வைக்காதே. ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. நீலச் சட்டை ஓரமா நின்னு இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அவ திரும்பி வந்ததும், மூத்திரம் போற மாதிரி அதே பாறைக்குப் பின்னால போச்சு. தன்னோட பட்டையையும் எடுத்து அதே மாதிரி அமுக்குச்சே... அது எதுக்கு?

உர்சினா: லதீ, உன்னோட பட்டை நல்லாத்தான் இருந்துச்சா? கோர்வ் ஏறணும்னு குளிர்காலம் பூரா என் உயிரை எடுத்தியே. ஏன்டி இப்படிப் பண்ணே?

லதீனா: உன்னோடது மட்டும் ஒட்டலன்னா ஊரு உன்னைக் குத்தம் சொல்லும்க்கா. ரெண்டு பேரோடதும் ஒட்டலன்னா... பனியைச் சொல்லும்.