பிஞ்சு நிக்காத பூசணி

…அதான் சொல்றேன் மேடம், பூசணி விதையிலதான் கோளாறு. வேற எதுலயும் இருக்க முடியாது. இந்த மாசம் என்ன விதைக்கணும், எப்பத் தண்ணி விடணும்னு உங்க விவசாய ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தீங்களே, இதோ பையிலயே வெச்சிருக்கேன், இதுல ஒரு வரி விடாம செஞ்சேன். மழை நின்னு, மண்ணு காலுல ஒட்டாத பதத்துக்கு வரணும்னு போட்டிருந்தீங்க. தினம் செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன். ஒட்டாத அன்னிக்குத்தான் ஊனுனேன். குழிக்கு மூணு விதை. மக்குன எரு ரெண்டு கூடை. முளைச்சதுல நோஞ்சானைப் பிடுங்கச் சொல்லியிருந்தீங்க… பிடுங்கினேன், மனசே இல்லாம.

கொடி அமோகமா ஓடுது. இலை ஒவ்வொண்ணும் முறம் மாதிரி இருக்கு. பூவும் பூக்குது. பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குது!

இல்லல்ல, தண்ணியெல்லாம் தேங்கல. நான் டெய்லருங்க. டேப்பு பிடிச்சு அளந்து வாய்க்கால் வெட்டியிருக்கேன். முப்பது வருஷத்துல நான் தெச்ச துணி ஒண்ணு பிரிச்சுத் தைக்கன்னு திரும்பி வந்ததில்ல. ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அதுவும் அந்தம்மா உடம்பு போட்டுட்டாங்க. அது என் தப்பா?

ஆங், பிஞ்சு. பூவுக்கு அடியில உருண்டையா, கோட்டுப் பொத்தான் சைஸுக்கு இருக்கும். மொத நாள் பச்சை. ரெண்டாம் நாள் மஞ்சள். மூணாம் நாள் பொத்துன்னு கீழ கெடக்கும். இதுவரைக்கும் பதினொண்ணு விழுந்தாச்சு. எல்லாத்தையும் கொண்டாந்திருக்கேன், பாருங்க… இருங்க, இது நெசப் பொத்தான். இதோ, இதுதான்.

சிரிக்காதீங்க மேடம், எனக்கு இது விளையாட்டு இல்ல. அந்த இடம் என் கொழுந்தனோடது. எங்க ரெண்டு வீட்டுக்கும் பின்னாடி, பத்தடிக்கு இருபதடி, சும்மா கெடந்துச்சு. நான் ஏதாவது போட்டுக்கறேன் தம்பின்னு கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அண்ணி, நீங்க மெஷினை மிதிக்கிற ஆளு. நீங்க மண்ணை மிதிச்சா ஒண்ணும் வெளையாது’ன்னான். எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கறப்ப! அவன் பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. வந்துச்சு பாருங்க எனக்கு ரோஷம்… பந்தயம்னுட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை கொடியில ஒரே ஒரு பிஞ்சு நின்னுட்டா இடம் எனக்கு, காலத்துக்கும் நான் செடி போட்டுக்கலாம். நிக்கலைன்னா திங்கக்கிழமை கோழிக் கொட்டகைக்குக் குழி தோண்டுவான். இன்னிக்குப் புதன். விரியாத மொட்டு, அடியில பொத்தானோட, ஒண்ணே ஒண்ணு பாக்கி. நாளைக்குக் காலையில விரியும்.

கோழி மேல எனக்கு ஒண்ணும் பகையில்லைங்க. ஆனா நாள் பூரா மெஷின் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு கழுத்து நிமிர மாட்டேங்குது. காலையில அங்க போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்னாத்தான் நான் ஆளா இருக்கேன். அதை விட முடியாது மேடம்.

பூச்சியா? பூச்சிங்கற பேச்சுக்கே இடமில்ல! பழ ஈ வரும், வலை போடுங்கன்னு நீங்கதானே போட்டிருந்தீங்க? கடையில விக்கிற வலையில என் சுண்டுவிரல் நுழையுது, அது ஒரு வலையா? கொசுவலைத் துணி வாங்கி, நாலு நாள் கடையைச் சாத்திட்டு நானே தெச்சேன். நாலு பக்கமும் ரெட்டைத் தையல், மேல கூரை, கீழ ஒரு சாண் மண்ணுக்குள்ள. உள்ள போய் வர ஜிப்பு வெச்சிருக்கேன் மேடம், ஜிப்பு! இழுத்து மூடிட்டா எறும்பு கூட மனு குடுத்துட்டுத்தான் வரணும்.

…என்னது, தேனீயா?

தேனீ எதுக்குங்க, கொட்டுறதுக்கா? …ம். …ஆண் பூ தனி, பெண் பூ தனியா? ஒரே கொடியிலயா? …பொத்தான் இல்லாம வெறும் காம்போட நிக்குமே, அதுவா ஆண் பூ? நான் அதையெல்லாம் தண்டம்னு திட்டிக்கிட்டிருந்தேன். …ம். அதுலேர்ந்து இதுக்கு… தேனீ எடுத்துட்டு வந்தாத்தான்… ம்.

அது எப்படிங்க உள்ள வரும்?

…

கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம்.

அதெப்படி, இதை நோட்டீஸ்ல போட்டிருக்க வேணாமா நீங்க? …போட்டிருக்கா? எங்க? இந்தப் பக்கம் நான் டிரைவர் சட்டைக்கு அளவு எழுதி வெச்சிருக்கேன். மார்பு நாப்பத்திரண்டு, கை இருபத்திநாலு… அதுக்குக் கீழயா? ‘பூ விட்டதும்… வலையை… விலக்கவும்.’

சரி. கை இருபத்திநாலை அந்த வரி மேலயே எழுதியிருக்கேன்.

இப்ப என்ன பண்ண? …நானேவா? ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, பெண் பூவோட நடுவுல தடவணுமா? கல்யாணத்தரகர் வேலையும் பாக்கணுமா நான்! …பாக்கறேன், பாக்கறேன். ஆனா இருக்கறது ஒரே மொட்டு, என் கை பிசகிட்டா? …வலையையும் பிரிச்சுட்டா நல்லதுங்கறீங்க. அதுதாங்க கஷ்டம். அவன் வீட்டு சமையக்கட்டு ஜன்னல் நேரா அங்கதான் பாக்குது. நான் தெச்சதை நானே பிரிக்கறதைப் பாத்தான்னு வைங்க, பந்தயத்துல நான் ஜெயிச்சாலும் செத்தேன்.

இருங்க, போன் அடிக்குது. அவனேதான்! ஆயுசு நூறு.

சொல்லு தம்பி. …ஆபீஸ்லதான் இருக்கேன். …என்னது, கொட்டகைக்கு அளவெடுக்கப் போறியா? இன்னிக்கேவா? ஞாயித்துக்கிழமையே இன்னும் வரல, அதுக்குள்ள என்ன அவசரம்? …வலை இடிக்குதா?

மேடம், வாயைப் பொத்திக்கிட்டு சிரிங்க, அவனுக்குக் கேட்டுடும்.

…ஐயையோ, நாலு நாள் கடையைச் சாத்திட்டுத் தெச்சது தம்பி! பிரிச்சே ஆகணுமா? …சரிப்பா. உன் இடம், உன் இஷ்டம், நான் யாரு கேக்கறதுக்கு? ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் செடி மேல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். வலை மட்டும்தான். …ஆமா, நாலு பக்கமும். கூரையையும் சேத்து. …நாளைக்கு மத்தியானம் பிரிக்கறியா? அதெல்லாம் வேணாம். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, நான் வந்து பாத்தா தாங்க மாட்டேன். இன்னிக்கே, நான் வர்றதுக்குள்ள பிரிச்சு முடிச்சுடு.