அடுக்கு நிற்காத ஜாடி

பாரதி: மெதுவா ஊத்துடி... மெதுவா... ஐயையோ, இன்னாடி இது!

பிரிசில்லா: மெதுவா தான் ஊத்தினேன்!

பாரதி: எண்ணெய் மேல மெதக்கணும். இது புகை மாதிரி கீழ எறங்குது.

பிரிசில்லா: எறங்கல... கலக்குது. பாரு, மொத்த தண்ணியும் வெள்ளையாவுது.

பாரதி: இங்க் போட்ட தண்ணி வேற. நீலக் கலர்ல பால்!

பிரிசில்லா: சிரிக்காத. அடியில வெல்லப்பாகு, நடுவுல நீலத் தண்ணி, மேல எண்ணெய். மூணு அடுக்கும் நின்னா தான் வேலூர் கண்காட்சி. ரெண்டு பேரும் மேடையேறி மைக் புடிச்சு விளக்கற சான்ஸு. பெல் அடிச்சதும் ஷர்மிளா டீச்சர் வந்துடுவாங்க.

பாரதி: இல்லன்னா?

பிரிசில்லா: ஜீவாவோட எலுமிச்சம்பழ பேட்டரி போவும்.

பாரதி: போச்சே... வேலூர் போச்சே!

பிரிசில்லா: போச்சேடி!... நீ அழறியா, சிரிக்கறியா?

பாரதி: எனக்கு அழுகை இப்டி தான் வரும்.

பிரிசில்லா: இந்த எண்ணெய எங்கேர்ந்து எடுத்தாந்த?

பாரதி: வீட்ல... அலமாரில... ஒரு பாட்டில்ல இருந்துச்சு.

பிரிசில்லா: சமையல் எண்ணெய் தண்ணியோட சேராது. இது சேருதுன்னா... தோல் பதம் பண்ற ஷெட்டு டிரம்ல ஊத்துறது தான். ஃபேட் லிக்கர்.

பாரதி: அப்டியா?

பிரிசில்லா: தோலு காஞ்சா வெறப்பா ஆய்டும்ல? மெத்துனு இருக்கறதுக்கு இத ஊத்துவாங்க. தோலு தண்ணியில தான கெடக்குது... எண்ணெயும் தண்ணியோட கலந்தா தான் உள்ள போவும். அதனால கலக்கற மாதிரியே செஞ்ச எண்ணெய்.

பாரதி: கலக்கற மாதிரி எப்டி செய்வாங்க?

பிரிசில்லா: சும்மா எண்ணெய்க்கு தண்ணிய புடிச்சிக்க கை கெடையாது. இதுக்கு கை வச்சு உட்ருக்காங்கன்னு வையேன். ஒவ்வொரு குட்டிச் சொட்டும் தண்ணியோட கைய கோத்துக்குது. சோப்பு பண்ற வேலை தான்.

பாரதி: அப்ப பால்லயும் அப்டி தான? கொழுப்பு குட்டி குட்டியா தண்ணிக்குள்ள...

பிரிசில்லா: ஆமா, அதான் வெள்ளையா...

பாரதி: பாலுன்னா எலுமிச்சம்பழம் பிழி! பன்னீர் போடலாம்!

பிரிசில்லா: லூசு!

பாரதி: ஜீவா தட்டுல இருக்கு பாரு.

பிரிசில்லா: ஆணி குத்தினத தொடாத. அவன் பல்பாவது எரியட்டும்.

பாரதி: ஓரமா சும்மா ஒண்ணு கெடக்குது... பிழியட்டா?

பிரிசில்லா: பிழி பிழி. இதுக்கு மேல கெட இன்னா இருக்கு!

பாரதி: ...ஒண்ணும் ஆவல.

பிரிசில்லா: கலக்கு. இன்னும் பிழி. அந்தத் தட்டுல இருக்கற உப்பயும் போடு.

பாரதி: உப்பு எதுக்கு?

பிரிசில்லா: இன்னா ஆவுதுன்னு பாக்கலாமே!

பாரதி: ஏய்... பிரிசி... திரியுதுடி!

பிரிசில்லா: எங்க? தள்ளு... ஆமா! பொட்டு பொட்டா எண்ணெய் மேல வருது! புளிப்பு பட்டதும் கைய உட்டுடுச்சு!

பாரதி: தண்ணி கைய உட்டதும் சொட்டும் சொட்டும் ஒட்டிக்குது... பெருசாவுது... ஏறுது!

பிரிசில்லா: கீழ நீலம் தெளியுது பாரு! குதிக்காத, பெஞ்ச் ஆடுது!

பாரதி: குதிக்கறது நீ தான்!

ஷர்மிளா டீச்சர்: லேப்ல யாரு மீன் கொழம்பு வெக்கறது?

பாரதி: டீச்சர்... அடுக்கு நிக்கல டீச்சர். எண்ணெய் தண்ணியோட கலந்துடுச்சு. சும்மா எலுமிச்சம்பழம் பிழிஞ்சோம், பிரிஞ்சு வந்துடுச்சு.

ஷர்மிளா டீச்சர்: கலந்ததுக்கப்புறம் பிரிச்சீங்களா? இந்த டம்ளர்ல இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுங்க... ஊத்து... பிழி... அட! அடடா!

பிரிசில்லா: அது... தப்பா ஆனது டீச்சர்.

ஷர்மிளா டீச்சர்: தப்பா? அடுக்கு ஜாடி எல்லா ஸ்கூல்லேர்ந்தும் வரும். கலக்க வச்சு, ஏன் கலந்துச்சுன்னு சொல்லி, திரும்ப பிரிச்சுக் காட்டறத நான் எங்கயும் பாத்ததில்ல. வேலூருக்கு நீங்க தான். நல்லா சத்தமா பேசிப் பழகுங்க, ஹால் நெறைய ஆளுங்க இருப்பாங்க. இருங்க, ஹெச்.எம். சாரயும் கூட்டிட்டு வர்றேன்!

பாரதி: ...போய்ட்டாங்களா?

பிரிசில்லா: ம்.

பாரதி: பிரிசி... ஒண்ணு சொல்லுவேன், அடிக்கக் கூடாது.

பிரிசில்லா: சொல்லு.

பாரதி: அது இன்னா எண்ணெய்னு தெரிஞ்சே தான் எடுத்தாந்தேன். மைக்க நெனச்சாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. நீ ஆசையா இருந்த... வர மாட்டேன்னு சொல்ல மனசு வரல.

பிரிசில்லா: அடிப்பாவி!

பாரதி: கோவமா?

பிரிசில்லா: எங்கப்பா அந்த ஷெட்டு டிரம்ல தான்டி வேலை பாக்கறாரு. இதே மீன் வாடை அடிக்கற அவர் சட்டைய தெனமும் நான் தான் ஊற வெக்கறேன். நீ மூடிய தொறந்தப்பவே தெரிஞ்சுடுச்சு... மைக்க நெனச்சு எனக்கும் தூக்கமே இல்ல, அதான் கண்ண மூடிக்கிட்டு ஊத்திட்டேன்.