கேள்விதான் கேட்டேன்

பின்னேரம் நாலு இருபதுக்கு மழை விட்டது. திகனையில் மழை விட்ட பிறகு அரை மணித்தியாலத்துக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். முகங்களில் நிழல் விழாது. மாடி ஜன்னலைத் திறந்து கமராவை ஸ்டாண்டில் பொருத்தினேன். எதிரே சந்தி, சந்தியில் த்ரீவீல் பார்க், வாடகைக்கு ஓடும் ஆட்டோக்களின் தரிப்பிடம். ஏழு த்ரீவீல்கள் நின்றன.

நடந்ததை என் மொழியிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். இதை எந்தச் சட்டப் பிரிவில் சேர்ப்பது என்று உங்களுக்கே தெரியவில்லை. அதற்கு நான் உதவ முடியாது.

என் பெயர் ரஸீன். பேராதனையில் சமூகவியல் படித்தேன். ஆறு வருடங்களாகச் சமூகவியலையும் உளவியலையும் ஐந்து நிமிட வீடியோக்களாகப் போடுகிறேன். வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பார்க்கிறார்கள். பரீட்சைக்கு முந்திய வாரம், ஒன்றரை மடங்கு வேகத்தில். ஒரு மனிதன் ஏன் கூட்டத்தோடு சேர்ந்து பொய் சொல்கிறான் என்பதை விளங்கிக்கொள்ள அவர்கள் ஒதுக்கும் நேரம் மூன்று நிமிடம் இருபது செக்கன். நான் குறை சொல்லவில்லை. கோழிக்குத் தீன் கோழியின் அளவுக்குத்தான் போட வேண்டும்.

ஹுதைபா என் கமராக்காரன். எடிட்டிங்கும் அவன்தான். எனக்கு எடிட்டிங் தெரியாது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துத் திரிந்தவனை நான்தான் கொண்டுவந்தேன். கூட்டத்துக்கு இணங்கிப் போவது பற்றிய பாடத்தில் ஒரு நாள் என் உதாரணம் சரிவரவில்லை. அவன் கமராவுக்குப் பின்னால் இருந்து சொன்னான்.

"ஸேர், சஹன்ல ஆறு பேர் குந்தினா, வகுறு நெறஞ்சவனும் மத்த அஞ்சு பேரும் எழும்பும் வரைக்கும் வெரல நக்கிட்டு ஈப்பான். அதச் செல்லுங்களேன்."

சஹன் எங்கள் விருந்துத் தட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றிலேயே சாப்பிடுவோம். அவன் பேசியதை வெட்டச் சொன்னேன். வெட்டாமல் போட்டுவிட்டான். அந்த வீடியோவின் கீழ் நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். முந்நூற்றுக்கு மேல் 'கமராவுக்குப் பின்னால் இருக்கும் நானா'வைப் பற்றியவை. நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். என் பெயர் பதினொன்றில் இருந்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழையோடு. எண்ணுவது என் தொழிலின் ஒரு பகுதி என்பதால் சொல்கிறேன். பொறாமை என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். சமூகவியல் தெரியாதவர்களிடம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

அவனை ஊருக்குப் பிடிக்கும். அவனைத் தெரிவு செய்தது அதனால்தான். ஏற்கெனவே வெறுக்கப்படுகிறவனை ஒதுக்கினால் அதில் பாடம் இல்லை. அவன் மகள் ஸனாவுக்கு ஏழு வயது. முட்டு நோய். மழைக் காலத்தில் மாதம் ஒரு தரமாவது மூச்சு அடைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஹுதைபாவிடம் வாகனம் இல்லை. அது அவனுக்கு ஒரு குறையாகவும் இருந்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு வந்தால் போதும், அரூஸ் த்ரீவீலைத் திருப்பிவிடுவான். "இவ எங்கட பார்க்குட புள்ள" என்பான்.

ஒரு மனிதனை ஊர் எவ்வளவு வேகமாகக் கைவிடும் என்பதுதான் அடுத்த பாடம். நடிகர்களை வைத்தும் எடுக்கலாம். நடிகர்கள் முறைப்பார்கள், முகத்தைத் திருப்புவார்கள். அசல் மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. மேசையைத் துடைப்பார்கள்.

மே மாதம் ஹுதைபாவிடம் கடைவீதியைப் படம் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கடையின் முகப்பும், பெயர்ப்பலகையும். மூன்று நாள் எடுத்தான். நாலாம் நாள் சலூனில் அரூஸ் என் பக்கத்துக் கதிரையில் இருந்தான். நான் கேட்டேன்.

"ஹுதைபா ஏன் கடை கடையா படம் எடுக்கிறான்? ஒங்களுக்குத் தெரியுமா?"

வேறொரு ஊரில் அந்தக் கேள்வியை வெட்டிய மயிரோடு சேர்த்துக் கூட்டி வெளியே போட்டிருப்பார்கள். திகனையில் எங்கள் ஆட்களின் கடைகள் ஒரு தரம் கலவரத்தில் எரிந்திருக்கின்றன. எந்தக் கடை யாருடையது என்று யாரோ முன்னமே படம் எடுத்துக் கொடுத்ததாக இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எரிந்ததில் ஒன்று அரூஸின் தம்பியின் கடை. கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"நானும் கண்டேன்" என்றான் அரூஸ். "ஒங்கட வீடியோவுக்கு இல்லையா, ஸேர்?"

"எனக்கு எதுக்கு கடை?" என்றேன்.

அதுவும் கேள்விதான். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் போதுமாக இருந்தது. ஹுதைபாவின் ஸலாமுக்குப் பதில் வந்தது, கண்கள் வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவன் உட்கார்ந்த மேசையைத் துடைத்தார்கள், அவன் எழும்புவதற்கு முன்பே. ஒருவராவது அவனிடம் நேரே கேட்டிருந்தால், "ரஸீன் ஸேர்தான் எடுக்கச் சென்ன" என்று சொல்லியிருப்பான். என் சோதனை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவன் நான்.

ஜூனில் மஹ்மூத் ஹாஜியின் மகனுக்கு வலீமா, கல்யாண விருந்து. ஹுதைபா பாயில் குந்தினான். அவன் முன்னால் சஹன் வந்தது. ஐந்து இடம் காலி. வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போய் மற்றச் சஹன்களில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரு சஹனில் ஏழு பேர் முழங்கால் இடித்துக்கொண்டு இருந்ததை அன்றுதான் கண்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஸேர், இங்க வாங்க. இண்டக்கி முழுக் கோழியும் நம்ம ரெண்டு பேருக்கும்தான்."

நான் வேறொரு சஹனில் கை வைத்திருந்தேன். நடுவில் எழும்புவது மரியாதை இல்லை. அவன் சொல்லிக் கொடுத்த உதாரணம்தான் அது.

கால் மணித்தியாலம் அப்படியே இருந்தான். பரிமாறுகிறவர் வந்து, "ஆக்கள் வரட்டும், தம்பி" என்று மூடியைத் திரும்ப வைத்தார். என் சட்டைப் பையில் ஃபோன் பதிவு செய்துகொண்டிருந்தது. பிறகு போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் முழங்கைதான் தெரிந்தது. பாடத்துக்கு உதவாது.

ஆகவே ஜன்னல். மழைக் காலம் தொடங்கியிருந்தது. ஸனாவுக்கு எப்படியும் ஒரு நாள் வரும். ஒன்பது பின்னேரம் கமராவை வைத்துக் காத்திருந்தேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை சரிவராது.

பத்தாம் நாள், நாலு முப்பத்தொன்றுக்கு ஹுதைபா வந்தான். பிள்ளை தோளில், துவாயால் சுற்றியிருந்தது. அம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தானாம், அது தூரத்தில் இருந்ததாம். அவன் கையைக் காட்டினான். அரூஸ் குனிந்து டயரைப் பார்த்தான்.

"அரூஸ் நானா, புள்ள" என்றான் ஹுதைபா.

"ஹயர் ஒண்டு ஈக்கி" என்றான் அரூஸ், டயரிடம். சவாரி கேட்டு ஒருவரும் வந்திருக்கவில்லை.

ஏழு பேருக்கும் ஏழு வேலை வந்தது. ஒருவன் கண்ணாடியைத் துடைத்தான். ஒருவன், ஹுதைபா பக்கத்தில் வந்ததும், வெறும் வண்டியை ஸ்டார்ட் செய்து கொண்டுபோனான். ஹுதைபா ஒருவர் விடாமல் ஏழு பேரிடமும் போனான். எதிரே என் கேட்டையும் பார்த்தான், பூட்டியிருந்தது. இடையிடையே ஃபோனைக் காதில் வைத்தான். பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமாக நடக்கத் தொடங்கினான். பன்வில பக்கமிருந்து வந்த மரக்கறி லொறி ஒன்று அவனைத் தாண்டிப் போய் நின்றது. சாரதியின் பெயர் காளிமுத்துவாம். "ஏறுங்க, ஏறுங்க" என்று கதவைத் திறந்தான். வெளியூர்க்காரன். என் கேள்வி அவன் காதுக்குப் போயிருக்கவில்லை. மொத்தம் இருபத்தாறு நிமிடம்.

ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று சொன்னார்களாம். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். ஏழு பேரும் வந்தார்கள். கபுறு வெட்டியது அரூஸ். எல்லோரையும்விட அதிகமாக அழுததும் அவன்தான். அதையும் எடுத்திருக்கலாம், ஆனால் மையவாடியில் கமரா சரியில்லை. எனக்கும் எல்லைகள் உண்டு.

நீங்கள் என் காரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், கேட்டுக்கு உள்ளே நின்றது. ஆம், ஓடக்கூடிய நிலையில். என்னிடம் கேட்டிருந்தால் கொண்டுபோயிருப்பேன். ஒருவரும் என் கதவைத் தட்டவில்லை. ஏழு பேர் சேர்ந்து செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனின் தலையில் வைப்பது அறிவியல் இல்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, மெமரி கார்டை ஹுதைபாவிடம் கொடுத்தேன். கமராவைத் தானாக ஓட விட்டுவிட்டு நான் அன்று கண்டி டவுனுக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன். கார்டை அவனிடமே கொடுத்தேன் என்றதைக் கேட்டு நீங்கள் பேனையைக் கீழே வைத்தீர்கள். வேறு யாரிடம் கொடுப்பது? எனக்கு எடிட்டிங் தெரியாது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். இந்த ஊரின் இலட்சணத்தை அவனும் ஒரு தரம் பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். அவனுக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கலாம்.

என் மேசையில் உட்கார்ந்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, இருபத்தாறு நிமிடமும் நிறுத்தாமல் பார்த்தான். நான் தேத்தண்ணி வைத்தேன். குடிக்கவில்லை. பிள்ளையின் காலில் இருந்து ஒரு செருப்பு சந்தியில் விழுந்ததை அவன் தோளுக்கு மேலாகப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். நல்ல காட்சி. கடைசியில் வைக்கலாம் என்று சொல்ல நினைத்தேன்.

அவன் பின்னுக்கு ஓட்டினான். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இன்னொரு தரம் ஓட்டினான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஸேர், பார்க்குல நிண்டு நான் ஒங்களுக்கு மூணு தரம் கோல் எடுத்தேன். இதுல மூணு தரமும் ஃபோன் அடிக்கிறது கேக்குது. மூணு தரமும் கட் பண்ணினது யாரு?"