அமிர்தராஜ் பாடிய இங்கிலீஷ் பாட்டு

— ரெக்கார்டை இன்னொரு தரம் வைக்கட்டுமா ரெங்கா? ஊசி தேஞ்சுபோச்சு. ஆனா அந்தக் கிடார் வர்ற இடம் இருக்கே, இன்னும் உருக்குது.

— வேண்டாம்ணா. ஒரு தரம் கேட்டதே போறும்.

— என்னப்பா நீ! பம்பாய் போயி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பொன்மலைக்கு வர்றே. நீயும் என் தம்பி அமிர்தராஜும் சேர்ந்து வாங்கின ரெக்கார்டுய்யா இது. ஸ்ரீரங்கத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சு வருவியே, இதைக் கேக்க!

— வேற வழி? இதென்ன ராட்சஸக் கூச்சல்னு அப்பா அகத்துக்குள்ளேயே விடமாட்டாரே.

— எங்களுக்கும் முதல்ல கத்தலாத்தான் இருந்துச்சு. போகப்போகப் பிடிச்சுப்போச்சு. டிரம்மு எடுக்கும் பாரு, ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பாய்லரைத் தட்டுற மாதிரி! அப்புறம் அந்தப் பாடுறவன் தொண்டை கிழிய ஒரே வரியத் திரும்பத் திரும்பப் பாடுவான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துரும். எங்கம்மா சாகுற வரைக்கும் இதை வைக்கச் சொல்லிக் கேட்டாங்க. எம்புள்ள சந்தோஷமாப் பாடின பாட்டும்பாங்க.

— சந்தோஷமாவா?

— பின்னே? ரயில்வே ஸ்டிரைக்குல எங்க ரெண்டு பேரையும் வேலையை விட்டு நீக்கினாங்க. முடிஞ்சதும் எனக்கு வேலை திரும்பக் கிடைச்சுது, அவனுக்குக் கிடைக்கல. வேற ஒருத்தனா இருந்தா மூலையில உக்காந்து அழுதிருப்பான். இவன் நாள்பூரா இதைப் போட்டுக் கூடவே பாடிக்கிட்டிருந்தான். அப்புறம்தான் எந்த ரயில் ஏறினானோ, ஆளே இல்ல. பேப்பர்ல போட்டோம். வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டோம். ஆனா சிரிச்ச முகமாத்தான் போனான். அது ஒண்ணுதான் எனக்குத் தெம்பு.

— நாழியாச்சுண்ணா, நான் கிளம்பறேன்.

— இருப்பா. நான் படிச்சது அஞ்சாங்கிளாஸு. அர்த்தம் கேட்டா அவனும் சொல்லமாட்டான். நீ பேங்க்குல இங்கிலீஷ்லயே பேசுறவன். அந்தத் திரும்பத் திரும்ப வர்ற வரிக்கு என்னப்பா அர்த்தம்?

— அதெல்லாம் சும்மா, காதல் பாட்டு.

— காதல் பாட்டுக்கு உனக்கேன் கண்ணு கலங்குது?

— கேக்காதேங்கோ. அப்போ எனக்கும் ஒண்ணும் புரியலை. பம்பாய்ல ஒருநாள் கேக்கறச்சேதான் வார்த்தை வார்த்தையாப் புரிஞ்சுது.

— சொல்லு ரெங்கா. இத்தனை வருஷம் கேட்டுட்டேன், என்னன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?

— ஒருத்தன் ஊரை விட்டுப் போகப்போறான். போக மனசில்லை. வீட்டுல ஒவ்வொருத்தர் முன்னாலயும் போய் நிக்கறான். "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன்." இதுதாண்ணா அந்த வரி.

— அந்த வரி வர்றப்பல்லாம் எங்க எல்லாரு முன்னாலயும் வந்து நிப்பான்.

— அவன் அர்த்தம் தெரிஞ்சுதான் பாடினானோ என்னமோ. மனசைப் போட்டு உழப்பிக்காதேங்கோ.

— தெரியாம என்ன? காலேஜ் வாசல் மிதிச்சவன்.

— இப்போ நாம என்ன பண்ணமுடியும், சொல்லுங்கோ?

— போன அன்னைக்குக் காலைல பையை மாட்டிக்கிட்டு நின்னான். வேலை தேடப் போறான்னு நினைச்சேன். என் மூஞ்சியப் பார்த்து அந்த வரிய மட்டும் பாடினான், ரெங்கா. நான் சபாஷ்டான்னு கை தட்டினேன்.