நாலாவது நொடியில் தூக்கிய கை

...நடுவர் ஐயா, மணியில இருந்து கைய எடுங்க. ஒரு குட்டிக் கதை இருக்கு, அத சொல்லாம நான் எறங்க மாட்டேன். எதிரணி கோமதிநாயகம் சார் பழைய பாட்டுதான் ஒசத்தின்னு அதையே ஏழு நிமிஷம் பாடினாரு, அப்பல்லாம் மணி தூங்கிட்டு இருந்துச்சே!

பூவராகன்னு ஒரு இசையமைப்பாளர். பத்து வருஷமா கல்யாண வீட்டுக் கச்சேரில கீபோர்டு வாசிச்சவரு. பத்து வருஷமும் யார் பாட்டு? அடுத்தவங்க பாட்டு! மாப்பிள்ளை மாறுவாரு, பொண்ணு மாறும்... பாட்டு மட்டும் மாறாது. சொந்தமா ஒரே ஒரு பாட்டு போட்டு, தன் பேர திரையில பாத்துடணும்... மனுஷனுக்கு அதான் ஏக்கம். கடைசியில ஒரு படம் கெடச்சுது. டைரக்டர் பேரு ஞானசீலன்.

இந்த ஞானசீலன் என்ன பண்ணினாரு? பஸ் ஸ்டாண்டுல காதலியப் பிரியற காட்சி. அதுக்குப் பாட்டு இன்னும் வரல. அதுவரைக்கும் சும்மா இருக்கட்டும்னு, ஒரு பழைய பாட்டத் தூக்கி வெச்சு எடிட்டிங்ல பாத்தாரு. அதுக்கு சினிமாக்காரங்க வெச்ச பேரு ‘ரெஃபரன்ஸ்’. ஒரு நாள் பாத்தாரா? ஆறு மாசம் பாத்தாருங்க! தினமும் பாத்தாரு!

இப்ப பூவராகன் மெட்டோட வர்றாரு. போடறாரு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலாவது நொடி, டைரக்டர் கை மேல போகுது.

“தம்பி, அந்த ஃபீல் வரலையே!”

அடுத்த மெட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு... கை! அதுக்கடுத்தது... கை! பதினாலு மெட்டுங்க! டிராஃபிக் போலீஸ்கூட அத்தனை தடவ கை தூக்க மாட்டாரு. கடைசில சொன்னாரு:

“பேசாம அந்தப் பழைய பாட்டையே மறுபடி பாட வெச்சுப் போட்டுடுவோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்... அவ்வளவுதான்.”

பூவராகனுக்கு எப்படி இருக்கும்? கல்யாண மண்டபத்துல இருந்து தப்பிச்சு ஓடி வந்தா, இங்கயும் அதே கல்யாண மண்டபம்! வராண்டாவுல நின்னு அழுதாருங்க.

அத எடிட்டர் மேகலா பாத்தாங்க. நேரா ரூமுக்குள்ள போனாங்க. பழைய பாட்ட எடுத்துட்டு, பூவராகனோட ஏழாவது மெட்ட அந்தக் காட்சியில வெச்சுட்டாங்க. அதுல அவரே பாடியிருந்தாரு. வரி? வரி எங்க இருக்கு! கவிஞர் வந்து எழுதற வரைக்கும் வாய்க்கு வந்தத பாடி வெப்பாங்கல்ல, அந்த மாதிரி... “ரெண்டு இட்லி... ஒரு வடை... சட்னி எங்கே கண்ணே...”

திங்கக்கிழமை டைரக்டர் கேட்டாரு. “ஏம்மா, பாட்டு மாறியிருக்கே?”

“அதுல சத்தம் சரியில்ல சார். இப்போதைக்கு இது ரெஃபரன்ஸ்.”

“ஓ... ரெஃபரன்ஸ்தானே!”

கை தூக்கலைங்க! ரெஃபரன்ஸுக்கு யாராவது கை தூக்குவாங்களா? முழுசா ஓடுச்சு. செவ்வாக்கிழமை கால் தாளம் போடுது. புதன்கிழமை டீ கிளாஸோட ஹம்மிங். வியாழக்கிழமை... சட்னி எங்கே கண்ணேன்னு வந்ததும் மனுஷன் தேம்பித் தேம்பி அழறாருங்க!

“என்ன வரிம்மா இது! பிரியற நேரத்துலதானே பசி தெரியும்! எந்தப் படம்?”

“இன்னும் வெளிய வராத படம் சார்.”

அந்தம்மா பொய் சொன்னாங்களா? இல்லையே!

வெள்ளிக்கிழமை பூவராகனக் கூப்பிட்டாரு. “தம்பி, பழைய பாட்டும் வேணாம், ஒன் பாட்டும் வேணாம். இந்தா, இந்தப் பாட்ட நீ மறுபடி பண்ணிக் குடு.”

பூவராகன் கேக்கறாரு... தன் பாட்டு! தன் கொரலு! டைரக்டருக்குக் குரல் அடையாளம் தெரியலையான்னு கேக்கறீங்களா? அன்னிக்கு அந்த மெட்ட நாலே நொடி கேட்டவருக்கு என்னங்க தெரியும், அதுல மூணு நொடி ஆர்மோனியம்! “சார், இது...”ன்னு பூவராகன் வாயத் தொறக்கறாரு. மேகலா மேசைக்கு அடியில நறுக்குனு ஒரு மிதி. வாய மூடிட்டாரு.

போயி பெரிய ஸ்டுடியோ, நல்ல பாடகர், பன்னெண்டு வயலின். தன் பாட்டத் தானே காப்பியடிச்சுக் கொண்டாந்து போட்டாரு. ஒண்ணு... ரெண்டு... மூணு... கை!

“ம்ஹூம். என்ன இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான் தம்பி! அந்த ஆளு கால் தூசிக்கு நீ வர மாட்டே! மேகலா, ஒரிஜினலையே வெச்சுடும்மா, ஒரு எழுத்து மாறக் கூடாது. அந்த மியூசிக் டைரக்டர் யாரு? டைட்டில்ல மொதல்ல அவர் பேரப் போடு!”

பூவராகனே மெல்ல சொல்றாரு. “பூவராகன் சார்...”

“அட! ஒன் பேரேதான்! பேர் ஒண்ணா இருந்து என்ன பண்றது... தெறமை வேணுமே!”

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா அந்த ஞானசீலன் யாரு? நாமதாங்க! புதுப் பாட்டு வந்த அன்னிக்கே, “அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?”ன்னு கை தூக்கறோமே, நாமதான்! கோமதிநாயகம் சார், நீங்க பாடினீங்களே, அருமையான பாட்டு. எனக்கும் உசுரு. ஆனா அது பொறந்த அன்னிக்கு அதுவும் புதுப் பாட்டுதானே? அன்னிக்கு யாரோ ஒரு புண்ணியவான் நாலாவது நொடியில கைய மடியிலயே வெச்சுக்கிட்டாரு. அதனாலதான் இன்னிக்கு அது ஒங்க வாயில இருக்கு. பழச மறுபடி பாடினா பழசுதான் வாழும். புதுச நாலு தடவ கேட்டாதானே, நாளைக்குப் பழசுன்னு கொண்டாட ஒங்க பேரனுக்கு ஒரு பாட்டு இருக்கும்?

நடுவர் ஐயா... கை மேல போகுதே... மணி அடிக்கத்தானே? அடிங்க. நாலு நொடிக்கு மேல கேட்டீங்களே, அது போதும் எனக்கு!