சுவரைப் பார்த்துப் பாடியவள்

எங்கள் சபையில் நாற்காலி போடுவது என் வேலை. நாற்பத்திரண்டு நாற்காலி, ஆறு வரிசை, எல்லாம் சிலுவையைப் பார்த்தபடி இருக்கும். பாட்டை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். இந்த நாரின் மலை வட்டாரத்தில் இருபத்தாறு வருஷமாக என்மேல் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஐயா, வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஞானஸ்நானம் எடுத்த வருஷம்தான் அம்மா இறந்துபோனாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்கள் கம்பளிக் கூடாரத்துக்குள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். மகன் வெளியே கம்பை ஊன்றி நின்று வாய்விட்டு அழ வேண்டும். அப்போதிருந்த ரஷ்யப் போதகர், அதெல்லாம் பிசாசின் சடங்கு, விட்டுவிடு என்றார். விட்டேன். கம்பைக்கூடத் தொடவில்லை. அக்கா என் காலடியில் துப்பிவிட்டு, "அம்மா கல்லுக்குப் பால் குடுத்து வளத்திருக்கா" என்றாள். அன்றோடு சொந்தம் என்று எனக்கு யாரும் இல்லை. வலித்தது. ஆண்டவருக்காக விட்டதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சைகல் சபைக்கு வர ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். புருஷனை இழந்தவள், அவனுடைய அண்ணன் ஷாகிர் வீட்டில் இருந்தாள். முஸ்லிம் வீடு, சபைக்கு வருவது தெரிந்தால் விடமாட்டார்கள்; சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

இந்தப் பெரிய வெள்ளியன்று, இயேசு உயிர்விட்ட பகுதியைப் போதகர் பென்னர் வாசித்து முடித்தார். நான் பாட்டை எடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சிலுவைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "என் ராசா, ஆணி அடிச்ச கையைக் கழுவ எனக்கொரு சொம்புத் தண்ணி விடலையே" என்று ஒப்பாரி வைத்தாள். சபையே அழுதது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்காக ஆராதனையை என் போனில் பதிவு செய்வது வழக்கம். அதுவும் பதிவாகிவிட்டது.

முடிந்ததும் போதகரிடம் கேட்டேன். "இதெல்லாம் ஆராதனைக்கு அடுக்குமா, பாஸ்டர்?"

"ஏன் அடுக்காது, அண்ணே? அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான ஆண்டவர்கிட்ட அழ முடியும்? இனிமே வருஷா வருஷம் பாடட்டும்."

"அப்போ பழைய போதகர் எங்களுக்குச் சொன்னது?"

"தப்பாச் சொல்லிட்டாரு, பாவம். விடுங்கண்ணே" என்று என் தோளைத் தட்டினார்.

தப்பாம். அவ்வளவு லேசாக. அவள் ஒன்றையும் விடாமல் உள்ளே வந்துவிட்டாள். நானோ பெற்றவளுக்குக்கூட அழாமல் வந்தவன். அவள் செய்தது சரியென்றால் நான் செய்ததற்கு என்ன பெயர்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எட்டு நாள் சாப்பிட முடியவில்லை.

ஷாகிரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவை மட்டும்தான் அனுப்பினேன். குரல் அவளுடையது. அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். சொந்தத் தங்கையின் காலை ஒடித்தவன், சம்மதம் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று.

சைகலை ஆற்றிலிருந்து எடுத்தபோது கையிரண்டும் கட்டியிருந்தது. கிராமத்து இடுகாட்டில் இடம் கொடுக்கவில்லை. நாங்கள்தான் புதைத்தோம். ஒப்பாரி வைக்க யாரும் இல்லை, தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். நாலு சரணமும் ஒழுங்காகப் பாடினார்கள்.

ஐயா, நான் ஆத்திரத்தில் செய்தவன் இல்லை. அனுப்புவதற்கு முன் முழங்கால்போட்டேன். "ஆண்டவரே, உமக்குச் சித்தமில்லையென்றால் இது போகாமல் இருக்கட்டும்" என்று ஜெபித்துவிட்டுத்தான் அழுத்தினேன். எங்கள் பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்கும் லட்சணம் உங்களுக்கே தெரியும். போகவில்லை. மூன்று தடவை அழுத்தியும் போகவில்லை. அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினேன். அங்கே எப்போதும் கிடைக்கும்.